மூக்கில் மாட்டிய டிராக்டர் வெயிட்

2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்தேன். மோட்டாரைப் போட்டேன். தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்பதற்குள் பல் துலக்கி, முகம் கழுவி, வாசல் கேட்டைத் திறந்து வைத்தேன். லேசான பனி. எதிர் வயலில் அறுத்த தாள்களுக்கு நடுவே உளுந்து ஒரு சாண் எழும்பியிருந்தது. மனைவி கொடுத்த காப்பியை நின்றபடியே குடித்துவிட்டு, கொல்லைப்புறக் கொட்டகையின் சாவியை எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கொட்டகையில் ஒரு பாதியில் எங்கள் டிராக்டர் நிற்கும். மறுபாதி என் தங்கையின் பட்டறை. ஊர் அம்மாப்பேட்டைக்குப் பக்கம். தங்கை என்னைவிடப் பத்து வயது சின்னவள். ஆட்டோமொபைல் படித்து, சென்னையில் ஒரு கார் கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தாள். அதை விட்டுவிட்டு வந்து, இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் சட்டம் கட்டி, பழைய வேன் ஒன்றின் எஞ்சினை இருக்கைகளுக்குப் பின்னால் பொருத்தி, இரண்டு பேர் உட்காரும் ஒரு கார் செய்தாள். கூரை கிடையாது. ஆறு பேர் சேர்ந்தால் ஒரு பக்கத்தைத் தூக்கிவிடலாம், அவ்வளவு இலேசு. சாலையில் ஓட்ட அதற்கு அனுமதி இல்லை. பந்தயத் தடங்களில், பொதுமக்கள் தங்கள் வண்டியைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கும் நாட்களில் மட்டும் ஓடும்.

அந்த நாட்களில் என் வேலை, புறப்படுவதற்கு முன் வண்டியைச் சரிபார்ப்பது. டயர் காற்று, சக்கர நட்டுகள், பிரேக் எண்ணெய், முன்மூடியின் கொக்கிகள். நான் பிழைப்புக்குப் பார்ப்பதும் அதே மாதிரி வேலைதான். விதைப் பரிசோதனைக் கூடத்தில், யாரோ கொண்டுவந்த நெல் முளைக்குமா முளைக்காதா என்று பார்த்து, தேறியது, தேறவில்லை என்று எழுதுகிறவன். ஒரு விதையை இரண்டு முறை எண்ணாமல் கையெழுத்துப் போட மாட்டேன். தங்கைக்கு அது தெரியும். "பார்த்தாச்சா அண்ணே?" என்பாள். "பார்த்தாச்சு" என்பேன். அதற்குமேல் அவள் வண்டியைத் தொட்டுப் பார்க்கமாட்டாள்.

வண்டியை நானும் ஓட்டுவேன். அதுவரை நாலைந்து முறை ஓட்டியிருந்தேன். ஒவ்வொரு முறையும் ஒரே தொல்லை. வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினால், வண்டி திரும்புவதற்குப் பதிலாக முன்சக்கரங்கள் கரகரவென்று தேய்ந்தபடி வெளிப்பக்கம் நோக்கிப் போகும். இன்னும் திருப்பினால் இன்னும் தேயும். இதற்கு அண்டர்ஸ்டியர் என்று பெயர். தங்கை முன்டயர் காற்றை மாற்றினாள், முன்சக்கரங்களின் சாய்வை மாற்றினாள், வண்டி ஒரு பக்கம் சாயாமல் பிடிக்கும் முன்கம்பியைத் தளர்த்தினாள். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்தது. மிச்சக் குறை நான் ஓட்டும் விதத்தில் இருக்கிறது என்றாள்.

"நீ வளைவுக்கு முன்னாடி பிரேக்கை மிதிச்சுட்டு டக்குன்னு காலை எடுத்துடறே அண்ணே. அப்படி எடுக்காதே. கொஞ்சம் கொஞ்சமா விடு. பிரேக்கு பிடிச்சா பாரம் முன்னால வருதுல்ல, அது போறதுக்குள்ள திருப்பு."

நான் நம்பவில்லை. எனக்குத் தெரிந்த வண்டி டிராக்டர். பின்னால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரை மாட்டித் தூக்கினால் டிராக்டரின் முன்பக்கம் இலேசாகிவிடும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் சேற்றில் நேராக வரப்பை நோக்கிப் போகும். அதற்கு எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்கிற வைத்தியம் ஒன்றுதான். முன்னால் வார்ப்பிரும்பு வெயிட்டுகளை மாட்டுவார்கள். உடனே திரும்பும். காரிலும் எஞ்சின் பின்னால்தான் இருக்கிறது, மூக்கு வெறும் ஃபைபர் மூடி. நோய் அதே நோய் என்று எனக்குப் பட்டது. ஒருமுறை தங்கையிடம் சொல்லியும் பார்த்தேன். சிரித்தாள்.

"இது என்ன, ஒரத்தநாட்டு வயலா? பேசாம இரு அண்ணே. வேணும்னா பின்னால ஒரு கலப்பையும் மாட்டித் தர்றேன், உழுதுக்கிட்டே சுத்து."

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை, சாதாரண நாள் இல்லை. கோயம்புத்தூரில் கார்ப் பந்தயப் பயிற்சிப் பள்ளி நடத்தும் ஓர் அம்மா, எங்கள் காரைப் பார்க்க வல்லத்தில் உள்ள தடத்துக்கு வருவதாக இருந்தது. பிடித்தால் தன் பள்ளிக்கு மூன்று கார்கள் செய்யச் சொல்வார். ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: செய்தவர் ஓட்டிக் காட்டக்கூடாது, பழக்கம் அதிகம் இல்லாத ஒருவர் ஓட்ட வேண்டும், ஏனென்றால் பள்ளிக்கு வருகிறவர்கள் அப்படிப்பட்டவர்கள். அந்த ஒருவன் நான். சென்னைக் கம்பெனி தங்கையைத் திரும்பக் கூப்பிட்டிருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். மூன்று கார் கிடைத்தால் பட்டறை நிற்கும். இல்லையென்றால் அவள் போய்விடுவாள். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

தங்கை மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் டிராக்டரின் முன்னால் இருந்த வெயிட்டுகளில் இரண்டைக் கழற்றினேன். ஒவ்வொன்றையும் வயிற்றில் அணைத்துத்தான் தூக்க முடிந்தது. மனைவி அடுப்படி ஜன்னலிலிருந்து, "காலங்காத்தால டிராக்டர்கிட்ட என்ன வேலை?" என்றாள். "சும்மா" என்றேன். காரின் முன்மூடியைத் திறந்து, உள்ளே குறுக்காக ஓடும் குழாயில் வெயிட்டுகளை இரும்புப் பட்டையால் கட்டி, நட்டைப் போட்டு முறுக்கினேன். அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை. மூடியைப் போட்டுக் கொக்கிகளை மாட்டினேன். பிறகு மற்ற எல்லாவற்றையும் வழக்கம்போலச் சரிபார்த்தேன்.

மினி லாரி வந்ததும் தங்கை தலையை முடிந்துகொண்டே இறங்கி வந்தாள்.

"பார்த்தாச்சா அண்ணே?"

"பார்த்தாச்சு."

தஞ்சாவூர் பைபாஸ் வழியாகப் போனோம். வல்லம் நெருங்கும்போது மண் சிவப்பாகிவிடும். எங்கள் களிமண் பூமியில் தார்த் தடம் போட்டால் ஒரு மழைக்காலத்தில் வெடித்து இறங்கிவிடும். அதனால்தான் அந்தத் தனியார் தடத்தை அந்தச் செம்மண் மேட்டில் போட்டிருந்தார்கள். சின்னத் தடம்தான். ஒரு நேர்ப்பாதை, அதன் முடிவில் வலப்பக்கமாக ஒரு நீண்ட வளைவு, வளைவின் உள்பக்கம் ஒரு தண்ணீர்த் தொட்டி. எல்லோரும் அதைத் தொட்டி வளைவு என்பார்கள்.

கோயம்புத்தூர் அம்மா எங்களுக்கு முன்பே வந்து, புளியமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். பருத்திச் சேலை, காலில் விளையாட்டு ஷூ.

"வாங்க கண்ணு. இதுதானுங்களா வண்டி? பாக்க வெட்டுக்கிளியாட்டம் இருக்குது."

"கொஞ்சம் அப்படித்தான் மேடம். ஓட்டினா தாவும்" என்றாள் தங்கை.

"இவருங்களா ஓட்டறவரு?"

"எங்க அண்ணன். நாலஞ்சு தடவைதான் ஓட்டியிருக்காங்க."

முதல் இரண்டு சுற்று மெதுவாக ஓட்டினேன். ஸ்டியரிங் கொஞ்சம் கனமாக இருந்தது. மூக்கு ஆடவில்லை. நான் நினைத்தது சரி என்று ஒரு திருப்தி வந்தது, அதை இப்போது எழுதவே கூசுகிறது. மூன்றாவது சுற்றில் நேர்ப்பாதையில் வேகம் எடுத்தேன். தொட்டி வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்துவிட்டுக் காலை எடுத்துத் திருப்பினேன். முன்பக்கத்திலிருந்து டொக் என்று ஒரு சத்தம். அதோடு சக்கரங்கள் பிடியை விட்டன. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பியும் வண்டி நேராகத் தாரை விட்டிறங்கி, செம்மண்ணை வாரிக் கிளப்பிக்கொண்டு போய் நின்றது.

புழுதி அடங்கியதும் தங்கை ஓடி வந்தாள். "அடிபட்டுச்சா?"

"இல்ல. திரும்பல."

"எவ்வளவு வேகத்துல வந்தே?"

"எப்பவும் வர்றதுதான்."

அவள் என்னைத் திட்டவில்லை. குனிந்து முன்டயர்களைத் தடவிப் பார்த்தாள். வெளிப்பக்க ஓரம் சொரசொரவென்று உரிந்திருந்தது. முன்டயர்களில் காற்றைக் கொஞ்சம் இறக்கினாள். முன்கம்பியை இன்னும் தளர்த்தினாள். என்னை மறுபடி அனுப்பினாள். இந்த முறை கோயம்புத்தூர் அம்மா ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அதே வளைவு. அதே டொக். இந்த முறை இன்னும் தூரம் போய் மண்ணில் நின்றோம். அவர் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி, வாயில் போன மண்ணைத் துப்பினார்.

"வண்டி திரும்ப மாட்டேங்குதுங்களே சார்."

அந்த டொக் சத்தம் என்ன என்று அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. சக்கரத்துக்கு மேலே இருக்கும் ஸ்பிரிங், தங்கை கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்தது, இந்த இலேசான மூக்குக்கு ஏற்றது. நான் மாட்டிய பாரத்தில் அது பாதி வழி இறங்கியே இருந்தது. பிரேக் பிடித்ததும் மிச்சமும் இறங்கி, அடியில் இருக்கும் ரப்பரில் போய் உட்கார்ந்தது. அதற்கப்புறம் சக்கரம் தரையை மிருதுவாகப் பிடிக்க முடியாது. வரப்பில் ஏறிய மாட்டு வண்டி மாதிரி குதித்துக்கொண்டு போகும். பாரம் கூடினதால் நேராகவே போகப் பார்க்கிற உந்துதலும் கூடிற்று. டிராக்டர் மாட்டு வேகத்தில் சேற்றில் போகிறது. இது அப்படி இல்லை. இவ்வளவும் பக்கத்தில் அந்த அம்மா மண்ணைத் துப்பிக்கொண்டிருந்த நேரத்துக்குள் எனக்கு விளங்கியது. வாயைத் திறக்கவில்லை.

சாப்பாட்டு வேளை வந்தது. மனைவி கட்டிக் கொடுத்த புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். புளியமரத்தடியில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். தங்கை சாப்பிடவில்லை. கைபேசியில் ஸ்பிரிங் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு மேலிருந்து கீழாகப் பார்த்தாள், கீழிருந்து மேலாகப் பார்த்தாள். பென்சிலால் மரப்பெஞ்சிலேயே ஏதோ எழுதி அடித்தாள்.

"நான் எங்கயோ தப்புப் பண்ணியிருக்கேன் மேடம்" என்றாள். "போன தடவை இவ்வளவு மோசமா இல்ல. என்னன்னு தெரியல. தெரியாம இதை உங்க பள்ளிக்குத் தரமாட்டேன்."

"சாப்பிடு கண்ணு. சாப்பிட்டுட்டு யோசிக்கலாம்."

"பசிக்கல மேடம்." பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "நாளைக்குச் சென்னைக்கு வர்றேன்னு சொல்லிடறேன் அண்ணே. போதும்" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். ஆம் என்றா, இல்லை என்றா என்று எனக்கே தெரியாத ஓர் ஆட்டல். பிறகு இன்னும் கொஞ்சம் வறுவல் எடுத்துப் போட்டுக்கொண்டேன். ஒரு வார்த்தை போதும். மூடியைத் திற என்று சொன்னால் போதும். அந்த அம்மா எதிரில் அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்காக அவள் மூன்று வருட வேலையைத் தப்பு என்று ஒத்துக்கொள்வதை உட்கார்ந்து பார்த்தேன்.

சாப்பிட்டு முடித்துக் கோயம்புத்தூர் அம்மா கைகழுவப் போனார். திரும்பி வரும்போது வண்டியைச் சுற்றிப் பார்த்தார். காய்கறிக்கடையில் பூசணியைத் தட்டுவது போல மூக்கின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். விட்டார். மறுபடி அழுத்தினார். பின்பக்கம் போய் அங்கேயும் அழுத்திப் பார்த்தார்.

"பின்னால அமுக்கினா எந்திரிக்குது. முன்னால கல்லாட்டம் கெடக்குது. ஏன் கண்ணு, மூக்குல என்னத்த வெச்சிருக்கறே?"

"ஒண்ணுமில்ல மேடம், காலியாத்தான் இருக்கும்" என்றபடி தங்கை கொக்கிகளைக் கழற்றி மூடியைத் தூக்கினாள்.

இரண்டு வார்ப்பிரும்புத் தகடுகள். ஓரத்தில் எங்கள் வயல் சேறு காய்ந்து சாம்பல் நிறத்தில் ஒட்டியிருந்தது. நான் முறுக்கிய பட்டைகள் நேராக, ஒழுங்காக, சமமான இடைவெளியில் இருந்தன. தங்கை காய்ந்த சேற்றை நகத்தால் சுரண்டினாள்.

"இது நம்ம டிராக்டர் வெயிட்டு."

தடத்தில் வேறு யாரோ ஒருவரின் வண்டி ஒரு சுற்று சுற்றி முடிக்கும் வரை அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்தபோது முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"எப்ப மாட்டினே?"

"காலையில."

"நான் பார்த்தாச்சான்னு கேட்டதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

கோயம்புத்தூர் அம்மா தொண்டையைச் செருமினார். "பரவால்லைங்க சார், இந்தத் தடத்தைச் சுத்தி நாலு ஏக்கர் தரிசா கெடக்குது. நீங்க உழுது குடுப்பீங்கன்னு தடத்துக்காரங்ககிட்டச் சொல்லட்டுங்களா?"

அவர் சிரிக்காமல் சொன்னார். தடத்தில் வேலை செய்கிறவர்கள் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். ஸ்பேனரை எடுத்து நானே கழற்றினேன். நான் அவ்வளவு அழுத்தமாக முறுக்கியிருந்ததால் கழற்ற நேரம் பிடித்தது. எல்லோரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயிட்டுகளை ஒவ்வொன்றாக வயிற்றில் அணைத்துக்கொண்டு போய் லாரிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

தங்கை முன்டயர் காற்றையும் கம்பியையும் காலையில் இருந்தபடி மாற்றினாள். "நீங்க வேணும்னா என்னை ஓட்டச் சொல்லுங்க மேடம்" என்றாள்.

"வேண்டாங் கண்ணு. பேசினது பேசினதுதான். அவரே ஓட்டட்டும்."

ஓட்டமாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் விலகிப் போனால் அதுவும் அவள் தலையில்தான் விழும். ஏறி உட்கார்ந்தேன். அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்துக்கொண்டார். தங்கை குனிந்து, முன்பு எத்தனையோ முறை சொன்னதை முதல் முறை சொல்வது போலச் சொன்னாள்.

"பிரேக்கை நேரா இருக்கறப்பவே பிடி. திருப்ப ஆரம்பிச்சதும் மெதுவா விடு, ஒரேயடியா எடுக்காதே. திரும்பலைன்னா இன்னும் திருப்பாதே. கையைக் கொஞ்சம் நேராக்கு, பிடிச்சுக்கும். ஆக்சிலேட்டரு அப்புறம்."

முதல் முறை பழக்கத்தில் காலை டக்கென்று எடுத்துவிட்டேன். வண்டி அகலமாகப் போனது, ஆனால் தாரை விட்டு இறங்கவில்லை. "மெதுவாங்க" என்றார் பக்கத்தில் இருந்தவர். அடுத்த சுற்றில், காலின் கட்டைவிரலை மட்டும் நினைத்துக்கொண்டு, பிரேக்கை எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைப்பது போல விட்டேன். மூக்கு லேசாகத் தாழ்ந்தது. திருப்பினேன். வண்டி திரும்பியது. ஸ்டியரிங்கை நான் எப்போதும் திருப்புவதில் பாதிகூடத் திருப்பவில்லை. தொட்டி வலக்கண் ஓரத்தில் அருகிலேயே நின்று, பிறகு பின்னால் போனது. நான் தேடிய பாரம் காரிலேயே இருந்திருக்கிறது. அதை என் கால் ஒவ்வொரு வளைவிலும் உதறித் தள்ளிக்கொண்டிருந்தது. சந்தோஷம் வரவேண்டிய இடம். வரவில்லை.

இன்னும் சில சுற்றுகள் ஓட்டி நிறுத்தினேன். கோயம்புத்தூர் அம்மா இறங்கி, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தங்கை எதிரில் நின்றாள். நான் சற்றுத் தள்ளி நின்றேன், ஆனால் அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

"வண்டி நல்லாருக்குது கண்ணு. தெரியாதவங்க ஓட்டினாலும் மன்னிக்குது. அதைத்தான் நான் தேடினேன். ஆனா எங்க பள்ளிக்கு வர்றவங்க, வண்டிய யாரு செக் பண்ணினதுன்னு கேக்க மாட்டாங்க. நம்பி உக்காருவாங்க. அதனால முதல்ல ஒரு வண்டி செய்யி. அதை நீயே செக் பண்ணி நீயே கையெழுத்துப் போடு. வேற ஆளு வேண்டாம். ஒரு வருசம் ஓடட்டும், மத்த ரெண்டைப் பத்தி அப்புறம் பேசலாம்."

"சரிங்க மேடம்."

வேற ஆளு என்று அவர் சொன்னபோது என் பக்கம் பார்க்கவில்லை. மரியாதை தெரிந்தவர்.

திரும்பும்போது தங்கை லாரியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு கார் போதுமா, சென்னைக்கு என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. வெண்ணாற்றுப் பாலத்தில் ஓர் அறுவடை இயந்திரம் எதிரில் வந்து, அதற்கு வழிவிட லாரி நின்றது. அப்போது சொன்னாள்.

"வரலைன்னு சொல்லிடப் போறேன். ஒரு வண்டிய வெச்சு ஒரு வருசம் ஓட்டிடலாம்." பிறகு, "நான் கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தேன்ல அண்ணே, மரத்தடியில. அப்ப நீ வறுவல் எடுத்துப் போட்டுக்கிட்டே" என்றாள்.

"ம்."

"அதைத்தான் நினைச்சுக்கிட்டே வர்றேன்."

அறுவடை இயந்திரம் கடந்து போனது. லாரி நகர்ந்தது. வீட்டில் மனைவி, "என்ன ஆச்சு?" என்று கேட்டாள். தங்கையே சொன்னாள்: "ஒரு வண்டி கேட்டிருக்காங்க அண்ணி." வெயிட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கொட்டகைச் சாவியை அவள் கேட்கவும் இல்லை. நானே எடுத்து, சாப்பாட்டு மேஜையில் அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். சாப்பிட்டு முடித்ததும் எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஐந்து மணிக்கு எழுந்தேன். மோட்டாரைப் போடவில்லை, காப்பி குடிக்கவில்லை. மாடிக்குப் போய்த் தங்கையை எழுப்பி, சாவி கேட்டு, கொட்டகையைத் திறந்தேன். வெயிட்டுகளைக் கழுவி, டிராக்டரின் முன்னால் பழைய இடத்தில் மாட்டி, நட்டுகளை முறுக்கினேன். பிறகு அவளைக் கூப்பிட்டேன். பல் துலக்கும் பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே வந்தாள்.

"முறுக்கிட்டேன். நீ ஒருதரம் பார்த்துடு."

ஸ்பேனரை வாங்கி ஒவ்வொரு நட்டிலும் வைத்து இழுத்துப் பார்த்தாள். கடைசி நட்டு இன்னும் கால் சுற்று இறுகியது.